ஆளுக்கொரு ஸ்பீக்கர்

வதனி,

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலரில் உன்னைப் பற்றி ஏதாவது எழுது என்று என்னிடமும் ஒரு தாளைத் தந்திருக்கிறார்கள். நான் எழுதுகிற லட்சணம் உனக்குத் தெரியும். ஓ.எல். சோதனைக்குப் போய்ப் போய் வந்து, கடைசியில் காலி வீதியில் பிளவுஸ் தைக்கிற கடையில் இருந்துவிட்டவள் நான். பிளவுஸ் அளவு எழுதுவேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதிப் பழக்கமில்லை. கனடாவில் இருக்கிற மச்சாள் கவிதை அனுப்பியிருக்கிறாள். அதில் நீ நிலவு, நீ விளக்கு, நீ மல்லிகை. வாசித்திருந்தால் நீயே சிரித்திருப்பாய். கொத்துரொட்டி வாங்கினால் என்னுடைய பிளேட்டிலும் பாதியை வழித்துத் தின்கிற மல்லிகை.

எங்களோடு அந்த ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளைகளே, இப்போது நீங்களும் பிள்ளை குட்டிக்காரர். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். டெங்கு வந்து ஒரு கிழமைக்குள் அவள் போனதைப் பற்றி எழுத என்னால் ஏலாது. எங்கள் வீட்டுக்கு நடுவில் பலகை நின்ற காலத்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் கதைக்காமல் இருந்த காலம் அது. நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்ததும் அப்போதுதான்.

வதனி என் பெரியப்பாவின் மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டால் அடிப்பாள்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அப்பப்பா கட்டிய வீடு அது. நடுவில் எல்லோரும் இருக்கிற ஒரு பெரிய ஹோல், இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் சமைக்கிற குசினி. அப்பப்பா செத்த பிறகு அப்பாவும் பெரியப்பாவும் கோபித்துக்கொண்டார்கள். என்ன கோபம் என்று கேட்டால் அப்பா தண்ணித் தாங்கியைச் சொல்வார். பெரியப்பா ஒரு கலியாண வீட்டைச் சொல்வார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

வீட்டைப் பிரித்துக் கொடுக்க அம்மாவின் தமையன் வந்தார், வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற மாமா. ஹோலின் நடுவில் சோக்கால் கோடு கீறினார். தச்சர் வந்து அந்தக் கோட்டில் ஆள் உயரத்துக்கு மேலே பலகை அடித்தார். கதிரைகள் சரிபாதி. அம்மி எங்கள் பக்கம், ஆட்டுக்கல் அவர்கள் பக்கம். அதனால் அம்மா அரைத்த சம்பல் பின் கதவால் அங்கே போகும், பெரியம்மாவின் தோசை மா அதே கதவால் இங்கே வரும். ஆண்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரியே சாப்பிடுவார்கள்.

கடைசியில் பிரிக்க முடியாமல் மிஞ்சியது அப்பப்பாவின் ரெக்கோட் பெட்டி. பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பம் ஒஸ்ரேலியாவுக்குப் போகும்போது தங்கள் பூனையையும் அந்தப் பெட்டியையும் அப்பப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார்களாம். பூனை மதில் ஏறித் தன் பழைய வீட்டுக்கே போய்விட்டது. பெட்டி எங்களோடு இருந்தது. மேலே ரெக்கோட் சுற்றுகிற தட்டு, முன்னால் குமிழ்கள், பின்னாலிருந்து வயரில் போகிற இரண்டு மர ஸ்பீக்கர். சூடேறினால் அதிலிருந்து தூசி கருகுகிற ஒரு வாசம் வரும். எனக்கு அது பிடிக்கும்.

ரெக்கோட்டுகளில் கீறு விழாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரர் இரண்டு பேர் வயலினும் பியானோவும் வாசிக்கிறது. மட்டையில் வயலின்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நிற்பார், பேரும் பெரிய எழுத்தில் இருக்கும். பியானோக்காரரின் பேர் அடியில் சின்னதாக இருக்கும். அவருடைய முகத்தில் பாதியைப் பியானோவின் மூடி மறைத்துவிட்டது. அப்பப்பாவுக்கு அந்தச் சங்கீதத்தில் அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்வந்து, இறைச்சிக் கறி அடுப்பில் கொதிக்கிற நேரம் சாரம் கட்டிக்கொண்டு இருந்து அதைத்தான் போடுவார். அப்பாவும் பெரியப்பாவும் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். அவர்களுக்கு அது தகப்பனுடைய சத்தம். அதனால் இரண்டு பேரும் பெட்டியை விட்டுக்கொடுக்கவில்லை.

மாமா கனநேரம் யோசித்தார்.

“பெட்டி தம்பிக்காரன்ர பக்கம் நிக்கட்டும். ஸ்பீக்கர் ஆளுக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை போட்டா ரெண்டு பக்கமும் கேக்கும். இதில ஒருத்தருக்கும் நட்டமில்லை” என்றார்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. தேத்தண்ணி குடித்தார்கள். வயர் போவதற்குப் பலகையில் ஒரு ஓட்டை போட்டார்கள். அந்த ரெக்கோட்டில் வயலின் ஒரு ஸ்பீக்கரிலும் பியானோ மற்ற ஸ்பீக்கரிலும் வருகிற மாதிரிப் பதிந்திருந்தது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்பப்பாவின் காலத்தில் இரண்டு ஸ்பீக்கரும் அலுமாரிக்கு மேல் ஒட்டிக்கொண்டு இருந்தன. எது எதிலிருந்து வருகிறது என்று யார் பார்த்தது?

பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிறு அப்பா ரெக்கோட்டைப் போட்டார். எங்கள் பக்கம் வயலின் வந்தது, தன்னந்தனியாக. பாடிக்கொண்டே வரும், திடீரென்று நின்றுவிடும். பிறகு ஊசியின் கரகரப்பு மட்டும்தான். அந்த நேரம் பார்த்துப் பலகைக்கு அங்கால் பியானோ தடதடவென்று ஓடும். அப்பாவின் முகம் சிவந்தது. அண்ணன் வயரை இழுத்து இழுத்து எங்கள் பக்கத்தை நிற்பாட்டுகிறார் என்று அம்மாவிடம் சொன்னார். அங்கே பெரியப்பா பெரியம்மாவிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. பலகை அவ்வளவு மெல்லிசு.

“பாட்டைத் தான் எடுத்துக்கொண்டு எனக்குத் தாளத்தை அனுப்புறான்.”

இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அந்தக் காலத்தில் வயலின்காரரை மைக்குக்குக் கிட்ட நிற்பாட்டி, பியானோவைப் பின்னுக்குத் தள்ளிவைத்துத்தான் பதிந்திருக்கிறார்கள். அதனால் எங்கள் பக்கம் எப்போதும் சத்தம் கூட. போதாததற்குப் பெட்டியில் பலன்ஸ் என்று ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் திருகினால் ஒரு ஸ்பீக்கர் கூடும், மற்றப் பக்கம் திருகினால் மற்றது கூடும். குமிழ் இருந்தது எங்கள் பக்கம். பெரியப்பா வேறு எதை நினைப்பார்? ஒவ்வொரு ஞாயிறும் பலகையில் குத்து விழும். அப்பா அம்மா நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸை எடுத்துக் குமிழிலும் பெட்டியிலும் கோடு போட்டு, நட்டநடுவில் நிற்கிறது என்று மாமாவைக் கூட்டிவந்து காட்டினார். மாமா பார்த்தார், ஓம் என்றார், பெரியப்பாவிடம் போய்ச் சொன்னார். மாமா அம்மாவின் ஆள் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

எனக்கும் வதனிக்கும் பள்ளிக்கூட வேனில்தான் இந்தச் சண்டை வந்தது. ஒருநாள் நான் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இருந்தேன். அது பிழை என்றாள். நான் சரி என்றேன். அவள் தன்னுடையதை என் புத்தகப் பையின் மேல் இரண்டு கை விரல்களாலும் அடித்து, வாயாலும் டுக்கு டுக்கென்று வாசித்துக் காட்டினாள். பஸ் பிடிக்க ஓடுகிற ஆள் மாதிரி அந்த இடது கை ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தை இவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை. என்னுடைய பாட்டை அவளும் தெளிவாகக் கேட்டதில்லை, ஏதோ தூரத்து வீட்டில் கேட்டது போல இருக்கிறது என்றாள். எவள் சொல்வது சரி என்று பார்க்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். நான் மூச்சு விட நின்ற இடத்தில் அவளுடைய விரல் முன்னுக்கு வந்தது. அவள் மெதுவான இடத்தில் என் பாட்டு ஏறியது. ஹெவ்லொக் டவுன் சந்தி வரைக்கும் ஒருவருக்கொருவர் முட்டாமல் போனோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேன்காரர் சிங்களத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஏசினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேனில் இதுதான் வேலை. எனக்குப் பாட்டு, அவளுக்கு விரல். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும், பின் சீற்றில் இருந்து காதைப் பொத்தியவர்கள் நீங்கள்தானே.

இதற்குள் பெரியப்பா ஒரு புதுத் திட்டம் போட்டார். ரெக்கோட் ஓடி முடியும் மட்டும் வதனி எங்கள் பக்கம் வந்து குமிழுக்குக் காவல் இருக்க வேண்டும். கோபத்தில் ஒரு மனிதர் எடுத்த முடிவுகளில் இவ்வளவு நல்ல முடிவை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தலையை வாரிக்கொண்டு, முக்காலியோடு முன் வாசலால் வருவாள். பின் கதவால் வருவது பெண்களுடைய இரகசியப் பாதை, இது அரசாங்கப் பயணம். குமிழுக்குப் பக்கத்தில் இருப்பாள். அம்மா சட்டியிலிருந்து எலும்புத் துண்டு எடுத்துப் பாணோடு கொடுப்பா. அப்பா எலும்புக்குள் மச்சை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

அப்படி இருந்தபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. குமிழ் கோட்டில் நிற்கிறது, யாரும் தொடவில்லை, ஆனால் இங்கே வயலின் மட்டும்தான். தன் வீட்டுப் பியானோ பலகைக்குப் பின்னால் நிற்கிறது. போய்த் தகப்பனிடம் சொன்னாள். சித்தி தந்த எலும்பு உன்னை இப்படிக் கதைக்க வைக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த கிழமை ஒழுங்கைக்குள் லொறி வந்து நின்றது. “மெதன தான்ன மல்லி”, இங்கே போடு தம்பி, என்று பெரியப்பா லொறிக்காரப் பொடியனுக்கு இடத்தைக் காட்டினார். எங்கள் வாசலுக்கு நேரே செங்கல் அடுக்கினார்கள். வேல் திருவிழா முடிந்த கையோடு மேசன் வருவார், பலகையைக் கழற்றிவிட்டுக் கூரை வரைக்கும் கல்லால் சுவர் எழும்பும், பின் வளவிலும் எழும்பும் என்று பெரியம்மா அம்மாவிடம் பின் கதவில் நின்று அழுதுகொண்டு சொன்னா. பிறகு பின் கதவும் இல்லை. ரெக்கோட் பெட்டியை விற்றுவிடலாம் என்று இரண்டு ஆண்களும் மாமா மூலமாக ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடத்தில் அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்று இரவு நான் பலகையில் கன்னத்தை வைத்து அழுதேன். பலகை ஓட்டையால்தான் நாங்கள் வெரளுக்காய் அச்சாறு மாற்றுவது, பென்சில் மாற்றுவது, படுக்கப் போகும் முன் கதைப்பது. வயருக்கு இடம் விட்டது போக ஒரு விரல் போகும். வதனியின் விரல் வந்து என் கன்னத்தில் குத்தியது. அழாதே, சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை விடிய அப்பா பேலியகொடைக்கு மீன் வாங்கப் போனார். அம்மா பின்னால் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தா. வதனி வந்து நேரே பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினாள்.

“எடி, கரண்ட் அடிக்கும்.”

“பிளக்கைக் கழட்டிப்போட்டன். நீ வாசலைப் பார்.”

“என்ன செய்யப் போறாய்?”

“பெட்டியில எங்கட வயரை உங்கட வயர் குத்தின ஓட்டையில போடுறன், உங்கடயை எங்கடயில. ஒருக்கா மாறிக் கேக்கட்டும்.”

“பெரியப்பா கண்டால் கொல்லுவார்.”

“கல்லுக் கட்டினாப் பிறகு நீ அங்க கிடப்பாய், நான் இஞ்ச கிடப்பன். அதைவிட அடி வாங்கலாம்” என்றாள்.

ஞாயிறு வந்தது. காவல்காரி முக்காலியில், கையில் எலும்பு. அப்பா தேத்தண்ணியோடு கதிரையில். ஊசி இறங்கியது. எங்கள் ஸ்பீக்கரிலிருந்து பியானோ வந்தது.

அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். குமிழைப் பார்த்தார், கோட்டில் நிற்கிறது. வதனியைப் பார்த்தார், அவள் எலும்பை உறிஞ்சிக்கொண்டு இருந்தாள். பலகைக்கு அங்கால் வயலின் வீட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பெரியப்பா “ம்ம்” என்று ஒரு சத்தம் போட்டார், வயிறு நிறையச் சாப்பிட்டவர் போடுகிற சத்தம். இப்போதுதான் தம்பி மனிதனாக நடக்கிறான் என்று பெரியம்மாவிடம் சொல்வதும் கேட்டது. பிறகு வயலின் வாய் மூடுகிற இடம் வந்தது. அங்கே ஒன்றுமில்லை. இங்கே பியானோ தடதடவென்று ஓடியது. பலகையில் குத்து விழுந்தது.

“தம்பி, ஏன் நிப்பாட்டினனீ?”

பலகை அடித்த பிறகு பெரியப்பா அப்பாவோடு நேரே கதைத்தது அதுதான் முதல். அப்பாவுக்கும் பொறுக்கவில்லை.

“நான் நிப்பாட்டேல்லை. நீங்கள்தான் பாட்டு முழுக்க அங்கால எடுத்துப்போட்டு எனக்குத் தாளத்தை அனுப்புறியள்.”

குசினியில் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. அம்மா நிலத்தில் இருந்து சிரித்துக்கொண்டு இருந்தா. அங்கால் பெரியம்மாவும் சிரிப்பது கேட்டது. அந்த இரண்டு வசனத்தையும் அவர்கள் எத்தனை ஞாயிறு கேட்டிருப்பார்கள், வாய்தான் மாறியிருக்கிறது. ஆண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வதனி எலும்பைக் கோப்பையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

“ரெண்டு பேரும் கேளுங்கோ. நேற்று வயரை நான்தான் மாத்தினனான். ஒருத்தரும் ஒண்டையும் எடுக்கேல்லை. பாட்டில அரைவாசி அங்க வருது, அரைவாசி இஞ்ச வருது. அப்பப்பா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் கேட்டவர். நீங்கள் பிரிச்சுப்போட்டு களவு போட்டுது எண்டுறியள்.”

ரெக்கோட் தன்பாட்டில் ஓடிக்கொண்டு இருந்தது. கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனது. நான் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன்.

“தம்பி, சுத்தியல் இருக்கே?”

“என்னத்துக்கு அண்ணை?”

“வயர் கட்டை. ஸ்பீக்கரை வாசலால சுத்திக் கொண்டுவர எட்டாது.”

அப்பா கதிரையில் ஏறிப் பலகைக்கு மேலால் சுத்தியலை நீட்டினார். அங்கால் கை வந்து வாங்கியது. பிறகு ஆணி கழன்றது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது, நல்ல பாட்டு அது. இரண்டு பலகை கழன்றதும் ஸ்பீக்கர் வந்தது. பெரியப்பா வரவில்லை, வயிறு இடித்தது. அப்பா மூன்றாவது பலகையைத் தன் பக்கத்திலிருந்து இழுத்தார்.

இரண்டு ஸ்பீக்கரையும் மேசையில் ஒட்டி வைத்து முதலிலிருந்து போட்டார்கள். வேனில் நாங்கள் செய்தது சரிதான் என்று எனக்கும் வதனிக்கும் தெரிந்தது. ஆனால் இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. ஒன்று கதைக்க மற்றது ஓம் ஓம் என்கிறது. பிறகு மற்றது கதைக்கத் தொடங்க இது வாய் மூடிக் கேட்கிறது. சில இடத்தில் இரண்டும் சேர்ந்து கத்துகின்றன, சண்டைக்கு இல்லை, சந்தோசத்துக்கு. பெரியப்பா சாரத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இறைச்சி அடியில் பிடித்துவிட்டது. அந்தக் கருகலையும் எல்லோரும் வழித்துச் சாப்பிட்டோம்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. சாப்பிட்ட கையோடு இன்னொரு சண்டை தொடங்கியது. இப்பவும் பியானோ குறையத்தான் கேட்கிறது என்று பெரியப்பா, ரெக்கோட்டிலேயே அப்படித்தான் என்று அப்பா. வதனி எழும்பிப் போய்க் குமிழைக் கியூடெக்ஸ் கோடு தாண்டிப் பியானோ பக்கம் கொஞ்சம் திருகிவிட்டாள்.

“பாவம், அவர் பின்னால இருக்கிறார்” என்றாள்.

அந்தக் குமிழை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

வேல் முடிந்து மேசன் வந்தார். கல் இருக்கிறது, சுவர் எங்கே என்று கேட்டார். பெரியப்பா குசினிப் படியை உயர்த்தச் சொன்னார், பிறகு மழைத் தண்ணி உள்ளே வராமல் பின்னால் ஒரு கட்டு கட்டச் சொன்னார். போகும் மட்டும் அந்த மனிதர் சுவர் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மிச்சப் பலகைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒன்று இஸ்திரிக்கை போடுகிற மேசையானது, மற்றவை எங்கே போனதென்று தெரியாது.

பெட்டியைக் கடல் உப்பு தின்றது. ஊசி தேடி அப்பா கொட்டாஞ்சேனை வரைக்கும் அலைந்தார், கிடைக்கவில்லை. ரெக்கோட் மட்டையைக் கறையான் முடித்தது. பிறகு பாட்டுத் தேடுகிற போன் வந்தது. வதனி முன்பள்ளியில் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் என் கடைக்கு வருவாள். நான் கொக்கி தைக்க, அதே பாட்டை வேறு வேறு ஆட்கள் வாசித்ததாகத் தேடித் தேடிப் போடுவாள். பழையவற்றில் அநேகமாகப் பியானோ குசினியில்தான் நிற்கும். ஒன்றிரண்டில் அது முன்னுக்கு வந்து வயலினின் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குப் பெருநாள். போனில் பாட்டுக்குக் கீழே ஆட்கள் இங்கிலீஷில் எழுதிச் சண்டை பிடிப்பதையும் எனக்கு வாசித்துச் சொல்வாள். பியானோ கேட்கவே இல்லை என்று ஒருவர், வயலின் கேட்கத்தானே வந்தோம் என்று இன்னொருவர். “இஞ்ச பார், இவர் எங்கட அப்பா, இவர் சித்தப்பா” என்பாள். கடைக்கு வந்த சனம் எங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அப்பாவும் பெரியப்பாவும்தான் இரண்டு பக்கமும் பிடித்து அவளை ஓட்டோவில் ஏற்றினார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பெரிய ஹோலின் நடுவில்தான் அவளைக் கிடத்தினோம். ஒழுங்கைச் சனம், பள்ளிக்கூடச் சனம், முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார், வேன்காரர், எல்லோரும் வந்தார்கள். எல்லோருக்கும் உள்ளே நிற்க இடம் இருந்தது. அன்றைக்கு யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் கவனித்தேன். அந்த இடத்தை ஆக்கித் தந்தவள் நடுவில் படுத்திருந்தாள்.

பிள்ளைகளே, நீங்கள் கோயிலுக்குப் போகிற ஆட்களோ, சேர்ச்சுக்குப் போகிற ஆட்களோ, பள்ளிவாசலுக்குப் போகிற ஆட்களோ, அடுத்த முறை உங்கள் வீட்டாருக்காகக் கேட்கும்போது எங்கள் வதனியின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் போன இடத்தில் சந்தோசமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் இரவில் நித்திரை வரவேண்டும் என்றும் கேளுங்கள். எல்லோரும் கேட்டால் கடவுளுக்குக் கேட்கும்.